மரத்தடிக்குப் போகாதவள்

எனக்குப் பதினான்கு வயதில் ஒரு வேலைக்காரி இருந்தாள். பெரிய பண்ணையார் வீட்டுப் பெண் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மானாவாரியாக மூன்று ஏக்கர், பால் வற்றிப்போன ஒரு எருமை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போட்டுக்கொள்ள அப்பாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை, இவ்வளவுதான் எங்கள் வீட்டு ஆஸ்தி. அந்த வேலைக்காரிக்கும் என் வயதுதான். என் வகுப்பு, என் பக்கத்து இடம். சொல்லப்போனால் எங்களைவிட வசதியான வீட்டுப் பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு முழுக்க அவளை என் பையைச் சுமக்க வைத்தேன். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்பதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட முழுதாகச் சொன்னதில்லை. "பொய் சொன்னேன் சாமி" என்று மொத்தமாகப் போட்டு, கொடுத்த செபத்தைச் சொல்லி முடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் வத்தல்மலை அடிவாரத்தில் இருக்கிறது. எட்டாவது வரைக்கும் ஊரிலேயே நடுநிலைப் பள்ளி. எட்டு வகுப்புக்கு மூன்று வாத்தியார்கள், அதில் ஒருவர் எப்போதும் லீவு. வாத்தியார் ஒரு வரி சொல்வார், நாங்கள் அத்தனை பேரும் தொண்டை கிழிய அதைத் திருப்பிச் சொல்வோம். அதற்குப் பெயர் படிப்பு. பரீட்சையில் பக்கத்துப் பலகையைப் பார்த்து எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். எட்டு முடிந்ததும் பெண்பிள்ளைகள் களை வெட்டப் போய்விடுவார்கள். அந்த வருஷம் உயர்நிலைப் பள்ளிக்குப் போனது நாங்கள் இரண்டு பெண்கள்தான். பஸ்ஸில் அரை மணி நேரம், இறங்கியதும் ஒரு மைல் நடை.

என்னை அனுப்பச் சொன்னவர் பங்குச் சாமியார். அவளை அனுப்பியது அவள் அப்பாவின் ரோஷம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்து, ரோட்டோர நிலத்தைப் பங்காளியிடம் பறிகொடுத்த மனுஷன் அவர். சேர்க்கிற நாளில் பள்ளிக்கூட வாசலில் நின்று எங்கப்பாவிடம் சொன்னார்.

"வூட்ல படிக்கத் தெரிஞ்சது ஒண்ணாவது இருக்கணுங்க. ஒரு வருசம் பாக்கறேன். பாஸானா பத்தாவது, அதுக்கு மேலயும் எவ்வளவு வேணா படிக்கட்டும். ஃபெயிலானா தீர்த்தமலைப் பக்கம் அவ மாமன் காத்துக்கிட்டு இருக்கறான். கட்டிக் குடுத்துருவேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பேச்சை ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மாமன் என்கிறவன் அவள் அம்மாவுக்குத் தம்பி. முப்பது வயது, லாரி டிரைவர். முதலில் கட்டிய பெண் ஒரு வருஷத்தில் தாய் வீட்டுக்கு ஓடிவிட்டாள். ஏன் ஓடினாள் என்பது அவள் முதுகைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். அவன் ஊருக்கு வந்தானென்றால் இவள் மாட்டுக் கொட்டாயில் போய் நின்றுகொள்வாள். அவன் திரும்பிப் போகிறவரை வெளியே வர மாட்டாள். ஆகவே ஒன்பதாவதில் பாஸாவது எனக்கு வெறும் படிப்பு, அவளுக்கு அந்த ஆளிடம் மாட்டாமல் இருப்பது.

முதல் வாரத்திலேயே எங்கள் கிளாஸ் டீச்சரான கணக்கு வாத்தியார் வந்து நின்று சொல்லிவிட்டார். "சுத்துப்பட்டு ஊர்ல இருந்து என்னென்னவோ வந்து சேந்திருக்குது. பத்தாவதுல இந்த ஸ்கூல் பேரு கெடக் கூடாது. அதனால இங்கயே சலிச்சுருவோம். நிக்கறது நிக்கட்டும், வுழறது வுழட்டும்." வெள்ளையும் சொள்ளையுமாக வருவார். கோபமே வராது, சிரித்துக்கொண்டேதான் எதையும் சொல்வார். முட்டி பெயர அடித்த வாத்தியார்களைக்கூட நான் பின்னால் மன்னித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை மட்டும் இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

சலித்த விதம் இதுதான். தமிழ்ப் புத்தகத்தில் முதல் பாடம், முதல் பத்தி. ஒவ்வொருவராக எழுந்து அதைப் படிக்க வேண்டும். எல்லோருக்கும் அதே பத்தி. தடுமாறியவர்களைச் சுவரோரம் நிறுத்தினார். கடைசியாக எங்கள் பெஞ்சு வருவதற்குள் பதினோரு பேர் சுவரோரம் நின்றார்கள். நான் படித்தேன். அடுத்து அவள் எழுந்து, கணீரென்ற குரலில், ஒரு இடத்தில்கூட நிற்காமல் படித்து முடித்தாள். "பாத்தீங்களா, இது புள்ள" என்றார் வாத்தியார். நான் தற்செயலாக அவள் புத்தகத்தைப் பார்த்தேன். அது முதல் பாடத்திலேயே இல்லை. ஏதோ கோபுரப் படம் போட்ட பக்கம் திறந்து கிடந்தது.

சுவரோரம் நின்ற பதினோரு பேரையும் தையல் டீச்சரிடம் ஒப்படைத்தார்கள். தினமும் கடைசி பீரியடில், மைதானத்து மூலையில் இருந்த புங்கமரத்தடியில், அவர்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தருவது அவர் பொறுப்பு. அந்த டீச்சரைப் பள்ளிக்கூடத்தில் யாரும் டீச்சராகவே மதிக்கவில்லை. பாவாடை நாடா டீச்சர் என்றுதான் பையன்கள் கூப்பிடுவார்கள். மெலிந்த உடம்பு, சன்னமான குரல். அவராகத்தான் தலைமையாசிரியரிடம் போய் இந்த வேலையைக் கேட்டு வாங்கினார் என்று பின்னால் தெரிந்தது. ரூம் கொடுக்கவில்லை, மரத்தைக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "புஸ்தகம் வேற பக்கம் இருந்துச்சு. எப்படிடி படிச்ச?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "முன்னால அத்தனை பேரு படிச்சாங்க இல்ல. கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"அப்ப உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"நம்பரு தெரியும். எழுத்துல ஒண்ணு ரெண்டு தெரியும். சேத்துப் படிக்க வராது." சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருகிட்டயும் சொல்லிராத புள்ள. மரத்தடிக்கு அனுப்பிட்டாங்கன்னா எங்கப்பாவுக்குத் தெரிஞ்சுரும். வருசம் முடியறவரைக்கும்கூட பாக்க மாட்டாரு. இப்பவே கட்டிக் குடுத்துருவாரு."

எட்டு வருஷம் ஒரே பள்ளியில் படித்திருக்கிறோம், எனக்கே தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் இருப்பதைக் கோலம் போடுவதுபோல் பார்த்துப் பார்த்து வரைந்துவிடுவாள், ஒரு புள்ளி தவறாது. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு தடவை காதில் விழுந்தது மனதில் அப்படியே பதிந்துவிடும். மாதா மேல் சத்தியமாக யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அப்போது எனக்கு உண்மையாகவே அவள்மேல் இரக்கம் இருந்தது. ஒரு வாரம் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் வெயில் தாங்காமல், "என் பையைக் கொஞ்சம் வெச்சுக்கடி" என்றேன். மறுபேச்சில்லாமல் வாங்கி இன்னொரு தோளில் மாட்டிக்கொண்டாள். அந்த மறுபேச்சில்லாமைதான் எனக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாள் நான் கேட்கவில்லை, கையை மட்டும் நீட்டினேன். பிறகு குடிக்கத் தண்ணீர் கொண்டு வருவது, என் தூக்குச்சட்டியைக் கழுவுவது, என் தலையில் பேன் பார்ப்பது, விஞ்ஞான நோட்டில் படம் வரைவது என்று ஒவ்வொன்றாக அவள் தலையில் கட்டினேன். அவர்கள் தோட்டத்து வேர்க்கடலையும் கொய்யாவும் எனக்கு வந்துகொண்டே இருந்தன. அவள் எழுதிக் கொடுத்த என் நோட்டைக் கணக்கு வாத்தியார் வகுப்பு முழுக்கக் காட்டி, "கையெழுத்துன்னா இப்படி இருக்கணும்" என்றபோது நான் தலை குனிந்து அடக்கமாக உட்கார்ந்திருந்தேன்.

முரண்டு பிடித்தாளென்றால் ஒரே வார்த்தைதான். "மரத்தடிக்குப் போறியா?" அவள் முகம் வெளுத்துவிடும். ஒரு நாள் வயிற்று வலி என்று இரண்டாகக் குனிந்து நடந்து வந்தாள். "இன்னிக்கு மட்டும் நீயே தூக்கிக்க புள்ள, நோவுது" என்றாள். "சரி, நாளைக்கு டீச்சர்கிட்ட சொல்லிக்கறேன்" என்றேன். பையை வாங்கிக்கொண்டாள். இன்னொரு நாள் வேடிக்கைக்காக என் பைக்குள் இரண்டு செங்கல் துண்டுகளைப் போட்டு வைத்தேன். பஸ் வரைக்கும், அப்புறம் ஊரில் இறங்கி என் வீட்டு வாசல் வரைக்கும் சுமந்து வந்தாள். அவள் எதிரிலேயே கல்லை எடுத்துச் சாக்கடையில் வீசினேன். பார்த்துவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் நடந்தாள். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நான் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவளுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சாயங்காலம் அவர்கள் மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடங்களை வாசிப்பேன். இரண்டு தடவை வாசித்தால் போதும், மூன்றாவது தடவை அவளே சொல்வாள். காலாண்டிலும் அரையாண்டிலும் என் பேப்பரைப் பார்த்து வரைந்து பாஸானாள். ஒரு தடவை கேட்டாள்.

"எனக்கு எழுத்து சொல்லிக் குடேன் புள்ள. நீ வாசிக்கற நேரத்துல கொஞ்சம் கொஞ்சம் கத்துக்கறேன்."

சரியென்று இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தேன். மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். இரண்டாவது நாளே 'கல்', 'பல்', 'மலை' என்று கூட்டிப் படித்துவிட்டுக் கண்ணெல்லாம் பிரகாசமாக என்னைப் பார்த்தாள். ஒரு மாதத்தில் இவள் படிக்கக் கற்றுக்கொண்டால் என் பையை யார் தூக்குவது? மூன்றாம் நாள் எழுதியதையெல்லாம் காலால் அழித்துவிட்டு, "உனக்கு மண்டையில ஏறாதுடி. நான் வாசிக்கறேன், நீ கேட்டுக்க. அதுதான் உனக்கு லாயக்கு" என்றேன். நான் சொன்னதை அவள் நம்பினாள். அந்த வருஷம் மட்டும் அல்ல, கடைசிவரைக்கும் நம்பியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அங்கே புங்கமரத்தடியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கடைசி பீரியட் மணி அடித்ததும் கணக்கு வாத்தியார், "மரத்தடியெல்லாம் கிளம்புங்க, எங்களுக்குக் கொஞ்சம் காத்து வரட்டும்" என்பார். வகுப்பே சிரிக்கும். பதினோரு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஒன்றாம் வகுப்புப் புத்தகம். ஜன்னல் வழியாக நாங்கள், "அ... ஆ... அம்மா பால் வேணும்" என்று கத்துவோம். நான் சத்தமாகக் கத்துவேன், அவளையும் கத்தச் சொல்வேன். ஆனால் அரையாண்டு வருவதற்குள் அந்தப் பதினோரு பேரில் ஏழு பேர் தடுமாறித் தடுமாறி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பாவாடை நாடா டீச்சர் யாரையும் அடித்ததில்லை. எவர் வீட்டுக்கும் சொல்லி அனுப்பியதும் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும். அவளிடம் நான் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் தையல் வகுப்பில் அந்த டீச்சர் இவளிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, "ஆபீசில இதுல இருக்கறத வாங்கிட்டு வா" என்றார். வெளியே போனவள் நேராக ஆபீசுக்குப் போகாமல், கைகழுவ வந்த என்னிடம் சீட்டை நீட்டினாள். நான் படித்துச் சொன்னேன். தலையைத் தூக்கினால் ஜன்னலில் டீச்சர் நிற்கிறார். வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, "நாளைக்கு மத்தியானம் தமிழ்ப் புஸ்தகத்த எடுத்துக்கிட்டு வா. சும்மா ரெண்டு பக்கம் வாசிச்சுக் காட்டு" என்றார்.

அவள் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். எனக்கோ கை கால் பரபரத்தது. டீச்சரைத் தோற்கடிக்க வேண்டும், அவ்வளவுதான். நடத்தி முடித்த பாடமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எண்ணும் தெரியும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் எண்ணையும் அந்தப் பக்கம் எந்த வார்த்தையில் ஆரம்பிக்கிறது என்பதையும் முடிச்சுப் போட்டேன். "இருபத்தி ஏழு?" என்பேன். "மன்னன் அதைக் கேட்டு" என்பாள். "முப்பத்தி நாலு?" "ஆகையால் விவசாயிகள்." இருட்டுவதற்குள் ஐம்பது பக்கத்துக்கு மேல் அவள் தலைக்குள் ஏற்றிவிட்டேன். எந்த எண்ணைச் சொன்னாலும் அங்கிருந்து பிடித்துக்கொண்டு போகிறாள். இப்போது யோசித்தால் அந்த மூளையை நினைத்து எனக்கு அழுகை வருகிறது. அதில் பாதி நேரத்தில் அவள் எழுத்தையே கற்றிருப்பாள்.

மறுநாள் நானும் கூடப் போனேன். தையல் மிஷின்களுக்கு நடுவில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தை வாங்கி எங்கேயோ ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். அவள் கண் ஒரு நொடி மேல் மூலைக்குப் போய்த் திரும்பியது. பிறகு விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்தைச் சரியான இடத்தில் திருப்பினாள். நான் சொல்லிக் கொடுத்தபடி ஒரு இடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் தயங்கினாள். டீச்சர் இன்னொரு பக்கம் பிரித்தார். அதையும் சொன்னாள்.

டீச்சர் புத்தகத்தை மூடினார். "தப்பா நெனச்சிட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காத" என்றார். புத்தகத்தை அவளிடம் நீட்டிக்கொண்டே, "எதுக்கும் சொல்லி வெக்கறேன். படிக்கக் கஷ்டமா இருந்துச்சுன்னா எங்கிட்ட வா. மரத்தடிக்குக்கூட வர வேணாம். இங்கயே சொல்லித் தரேன், வூட்டுக்கெல்லாம் தெரியாது. மூணு மாசத்துல வந்துரும்" என்றார்.

அவள் உதடு அசைந்தது. அவள் சொல்லத்தான் போனாள். "டீச்சர்" என்று வாயைத் திறந்தும் விட்டாள். நான் பின்னாலிருந்து அவள் இடுப்புச் சதையைப் பிடித்துத் திருகினேன். "அவளுக்கு நல்லா வருங்க டீச்சர். என்னைய விட நல்லாப் படிப்பா" என்றேன். டீச்சர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். வெளியே வந்ததும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவள் இடுப்பைத் தடவிக்கொண்டே, என் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

முழுப் பரீட்சையில் என் சாமர்த்தியம் எதுவும் பலிக்கவில்லை. ஒன்பதாவதையும் எட்டாவதையும் கலந்து உட்கார வைத்தார்கள். அவள் வேறு ரூமில் விழுந்தாள். கணக்கு தவிர மற்றதெல்லாம் முடிந்து வெளியே வரும்போது முகம் செத்துப்போயிருக்கும். "என்னடி எழுதின?" என்றால், "கேள்வித்தாள்ல இருந்தத அப்படியே எழுதி வெச்சேன்" என்பாள். "போச்சு போ" என்று நான்தான் முதலில் சொன்னேன். அவள் மாமன் பெயரைச் சொல்லி வேறு கேலி செய்தேன். லாரியில் முன் சீட்டா, பின் சீட்டா என்று கேட்டேன்.

ரிசல்ட்டு எங்களுக்குப் போஸ்ட்கார்டில்தான் வரும். கடைசிப் பரீட்சையன்று ஆளுக்கொரு கார்டில் வீட்டு விலாசம் எழுதிக் கிளாஸ் டீச்சரிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் கார்டிலும் நான்தான் எழுதினேன். அப்போது கேட்டாள். "கார்டு வர்றப்ப நீ ஊர்ல இரு புள்ள. எங்கப்பா என்னையதான் படிக்கச் சொல்லுவாரு. நீ பக்கத்துல நின்னு காதுல சொல்லிட்டீன்னா போதும்." இருக்கிறேன் என்றேன். மே மாதம் ஓசூர்ப் பக்கம் சித்தி வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவர்கள் வீட்டில் டிவி இருந்தது, அதில் பெங்களூர் ஸ்டேஷன் நிகழ்ச்சியெல்லாம் தெரியும். போய்விட்டேன். இரண்டு வாரம் அவளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

திரும்பி வந்தபோது என் கார்டு வந்திருந்தது. ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப். 'தேர்ச்சி பெற்றார்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'தேர்ச்சி பெறவில்லை' என்று ஒரு வரி. இரண்டில் வேண்டாததைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். என் கார்டில் கீழ் வரியை அடித்திருந்தது. அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள். "உன் கூட்டாளி ஃபெயிலாம். அவ மாமனுக்கு வெத்தலை பாக்கு மாத்தியாச்சு. வர்ற முகூர்த்தத்துல தீர்த்தமலைக் கோயில்ல கல்யாணம்."

போனேன். அவள் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பாவாடை தாவணி போய்ச் சேலை கட்டியிருந்தாள்.

"கார்டு வந்தன்னிக்கு நாலஞ்சு பேரு வூட்டு வாசல்ல இருந்தாங்க புள்ள. எங்கப்பா கார்டை வாங்கி, எம்புள்ள படிக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு எங்கிட்ட குடுத்தாரு. நீயும் இல்ல. பாத்தேன். எழுத்து மேல செவப்பு மையில கோடு போட்டு அடிச்சிருந்தாங்க. ஃபெயிலுங்கப்பான்னு சொல்லிட்டேன். அவரு அடிக்கக்கூட இல்ல. சரின்னு எந்திரிச்சுப் போயிட்டாரு."

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கார்டை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள். என் கையெழுத்தில் விலாசம். திருப்பினேன். ஊதா ஸ்டாம்ப், இரண்டு வரி. சிவப்புக் கோடு கீழ் வரியின்மேல் ஓடியிருந்தது. என் கார்டும் அவள் கார்டும் அச்சு அசல் ஒன்று. அவள் பாஸ்.

எப்படி பாஸ் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் தையல் டீச்சர் சொன்னார். இவளுடைய விடைத்தாளில் கேள்வியே முத்து முத்தாக எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு எல்லாம் புரிந்ததாம். தலைமையாசிரியரிடம் நின்று வாதாடி, பத்தாவதில் முதல் நாளிலிருந்து தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருவதாக எழுதிக் கொடுத்து, பாஸ் போட வைத்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அவள் அப்பா சொன்ன சொல் மாறாதவர். 'பாஸ்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமன் வீட்டு வெற்றிலைத் தட்டை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பார். சொல்லவில்லை. பயந்துவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். பயமும் இருந்ததுதான். ஒன்பதாவது படித்தவளுக்கு ஏன் படிக்கத் தெரியவில்லை, இத்தனை நாள் யார் மறைத்தது என்று இழுத்தால் என் குட்டு வெளிப்படும். ஆனால் அந்த நிமிஷம் என் நெஞ்சில் இருந்தது பயத்தைவிடப் பொறாமை. நான் விழுந்து விழுந்து படித்து வாங்கிய பாஸும், கேள்வித்தாளைப் பார்த்து எழுதிய இவள் பாஸும் ஒன்றா? இவளும் பத்தாவதா? அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தது அதைத்தான், கடவுள் சாட்சியாக.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன புள்ள போட்டிருக்குது?"

"ஃபெயில்னுதான் போட்டிருக்குது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கார்டை வாங்கி, அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக ஓட்டினாள். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, இரண்டாம் நாள் 'மலை' என்று கூட்டிப் படித்தபோது வந்த மாதிரி.

"யாரையும் கேக்காம நானாப் படிச்சது புள்ள, இது ஒண்ணுதான். சரியாத்தானே படிச்சிருக்கறேன்?"

"சரியாத்தான் படிச்சிருக்க" என்றேன்.